நாகூம் புத்தகம் உங்களுக்கு எப்போது புரிந்தது? அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஒலிவமரம்:
நானே ஆரம்பிக்கிறேன். பல வருஷமாக எனக்குப் பழைய ஏற்பாட்டில் வருகிற நாகூம் தீர்க்கதரிசியின் புத்தகம் பிடிக்காது. மூன்றே அதிகாரம், அசீரியாவின் தலைநகரான நினிவே அழியும், அழியும் என்றே போகும். ஒரு நகரம் விழுவதைப் பார்த்துக் கைகொட்டுகிற புத்தகம் வேதத்தில் எதற்கு என்று நினைப்பேன்.

போன வருஷம் லண்டனில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது பிரிட்டிஷ் மியூசியம் போனோம். கி.மு. 701-இல் யூதாவின் லாகீஸ் பட்டணத்தைப் பிடித்ததை, அசீரிய ராஜா சனகெரிப் தன் நினிவே அரண்மனைச் சுவரில் செதுக்கி வைத்திருந்தான். அந்தக் கற்பலகைகள் அங்கே இருக்கின்றன. 2 இராஜாக்கள் 18-இல் வருகிற அதே லாகீஸ்தான். மதிலுக்கு வெளியே மூன்று பேரைக் கழுவில் ஏற்றியிருக்கிறார்கள். இரண்டு பேரைத் தரையில் கிடத்தித் தோலை உரிக்கிறார்கள். கொஞ்சம் தள்ளி ஒரு மாட்டுவண்டி போகிறது. மூட்டை முடிச்சின் மேல் பெண்களும் பிள்ளைகளும். செய்தவனே இதைப் பெருமையாக வீட்டுச் சுவரில் வைத்துப் பார்த்திருக்கிறான்! எனக்குத் தாங்கவில்லை.

அங்கேயே நின்று போனில் நாகூம் 3-ஐத் திறந்தேன். "இரத்தப்பழிகளின் நகரத்திற்கு ஐயோ!" அந்த வண்டியில் இருக்கிற அம்மாவுக்கு இதை யாராவது வாசித்துக் காட்டியிருந்தால் எப்படிக் கேட்டிருப்பாள் என்று தோன்றியது. அதுவரை நான் ஒருமுறைகூட அவள் பக்கம் நின்று வாசித்ததில்லை.

இன்னொன்று. சிங்காசனத்தில் இருக்கிற சனகெரிப்பின் முகத்தை மட்டும் யாரோ கொத்திச் சிதைத்திருக்கிறார்கள். கி.மு. 612-இல் பாபிலோனியரும் மேதியரும் நினிவேயைப் பிடித்தபோது நடந்திருக்கலாம் என்று சொல்கிறார்கள்.

பனையோலை:
எங்கள் வீட்டில் நாகூம் என்றால் 1:7 மட்டும்தான். "கர்த்தர் நல்லவர், இக்கட்டு நாளிலே அரணான கோட்டை." வாக்குத்தத்த காலண்டரில் வரும், சட்டம் போட்டு மாட்டுவோம். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு இரவில் அந்த வசனத்துக்கு முன்னும் பின்னும் சேர்த்து வாசித்தேன். அடுத்த வசனமே வெள்ளம் புரண்டு வருகிறது, சத்துருக்களை இருள் துரத்துகிறது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் கோட்டை என்ற சொல்லுக்கு அன்றைக்குத்தான் எனக்கு அர்த்தம் கிடைத்தது. வெளியே படை நிற்காமல் கோட்டை எதற்கு?

சிறகு:
எனக்கு ஒரு வருத்தம். ஒரு கூட்டத்தில் பிரசங்கியார் இன்றைய நாடு ஒன்றின் பெயரைச் சொல்லி, அதுதான் நினிவே, இத்தனை வருஷத்தில் அழியும் என்று கணக்குப் போட்டார். ஜனங்கள் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து ஏசாயா 10-ஐ எடுத்தேன். அங்கே அசீரியா கர்த்தருடைய கையில் இருக்கிற கோல். வெட்டுகிறவனுக்கு எதிராகக் கோடரி பெருமை பேசலாமா என்று கேட்டுத்தான் நியாயத்தீர்ப்பு வருகிறது. பிரசங்கத்தில் அந்தக் கேள்வியே வரவில்லை.

ஞாயிறு வகுப்பு டீச்சர்:
எட்டு வயதுப் பையன் ஒருவன் கேட்டான்: "டீச்சர், யோனா போய்ச் சொன்னதும் நினிவே மனந்திரும்பிச்சே, அப்புறம் ஏன் அழிஞ்சது?" யோனா தீர்க்கதரிசி இஸ்ரவேலின் ராஜா இரண்டாம் யெரொபெயாமின் காலத்தவர். நாகூம் அதற்கு நூறு வருஷத்துக்கும் மேல் பிந்தி, கி.மு. 663-இல் விழுந்த எகிப்தின் நோ அம்மோன் (தேப்ஸ்) பட்டணத்தைப் பற்றிப் பேசுகிறாரே. அதனால் "அது அவங்க பேரப்பிள்ளைகளோட பேரப்பிள்ளைகள்" என்றேன். "அவங்ககிட்டயும் யாராவது போய்ச் சொன்னாங்களா?" என்றான். பதில் சொல்ல முடியவில்லை. நாலு நாளாக அதையே யோசிக்கிறேன்.

ஒலிவமரம்:
டீச்சர், உங்கள் பையனின் கேள்வியைப் படித்துவிட்டு யோனாவின் கடைசி வசனத்துக்குப் போனேன். வலதுகை இடதுகை தெரியாத இலட்சத்து இருபதினாயிரம் பேருக்காக அங்கே கர்த்தர் பரிதபிக்கிறார். நாகூம் 3:10-இல் நோ அம்மோனின் குழந்தைகள் தெருமுனைகளில் மோதியடிக்கப்பட்டதைச் சொல்கிறது. அதைச் செய்தது அசீரியா. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தேன், அந்த மாட்டுவண்டிப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டு.