சிவப்புச் சீமெந்துத் தரையும் சாம்பல் சோபாவும்: திருகோணமலை வீடுகளில் பழசையும் புதுசையும் கலக்கிற அனுபவங்கள்

திருகோணமலைப் பக்கத்து நாலு வேலைகாரர் தங்கட அனுபவத்தைச் சொல்கிறார்கள்.

உப்புவெளி, பெயின்ற் வேலை

பழைய முதிரை மர அலுமாரிக்குப் பக்கத்தில் புதுச் சோபா எடுபடவில்லை என்றால் எல்லாரும் சோபாவில்தான் குற்றம் காண்பார்கள். எங்கட பக்கத்துப் பழைய வீடுகளில் பிழை அநேகமாகத் தரைக்கும் சுவருக்கும் இடையில்தான் கிடக்கும். சிவப்புச் சீமெந்துத் தரைதான் அந்த அறையின் முதல் நிறம். மத்தியான வெயில் யன்னலால் வந்து தரையில் விழுந்தால் சுவரின் அடிப்பக்கம் றோஸ் ஏறும். சுவர் நீலம் கலந்த வெள்ளையாக இருந்தால் அந்த இடம் ஊதாவாக மாறி, ஊத்தை பிடித்த மாதிரித் தெரியும். காவி மஞ்சள் ஒரு துளி கலந்த வெள்ளை நல்லாப் பொருந்தும். காய்ந்த வேப்பிலை மாதிரி மங்கின பச்சையும் பொருந்தும்.

பெயின்ற் கடை நிறச் சீட்டில் விரல் அகலத்துக்கு இருக்கிற நிறத்தை நம்பி வாங்காதேங்கோ. 2 அடிக்கு 2 அடி மட்டையில் இரண்டு கோட் அடித்து, அடி விளிம்பு தரையில் முட்டுகிற மாதிரிச் சுவரில் சாத்தி வையுங்கோ. காலை 7 மணிக்கு, மத்தியானம், இரவு லைற் போட்ட பிறகு என்று மூன்று தரம் பார்த்தால் மூன்று நிறம் தெரியும். மூன்றும் பிடித்தால் மட்டும் வாங்குங்கோ.

அளவு: 10 × 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால் சுவர் மொத்தம் 440 சதுர அடி. ஒரு கதவும் இரண்டு யன்னலும் கழித்தால் ஏறத்தாழ 390. ஒரு லீற்றர் எமல்ஷன் (தண்ணீர் கலக்கிற சுவர்ப் பெயின்ற்) ஒரு கோட்டுக்கு 110 சதுர அடி போகும். இரண்டு கோட்டுக்கு 7 லீற்றர் தேவை, 4 லீற்றர் வாளி இரண்டு காணும். இரண்டு வாளியையும் முதலே ஒன்றாக ஊற்றிக் கலக்க வேண்டும். கலக்காமல் ஒன்று முடிய மற்றதைத் திறந்தால் சுவர் நடுவில் நிறம் வெட்டித் தெரியும்.

சுண்ணாம்பு அடித்த பழைய சுவரில் உள்ளங்கையைத் தேய்த்துப் பாருங்கோ. கை வெள்ளையானால் அதன்மேல் எமல்ஷன் நிற்காது, தோல் மாதிரி உரியும். சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, சுண்ணாம்பின் காரம் தாங்குகிற பிரைமர் (அடிப்பூச்சு) ஒரு கோட் போட வேண்டும். மேடு பள்ளமான சுவருக்கு மினுங்குகிற பெயின்ற் வேண்டாம், பக்கவாட்டு வெளிச்சத்தில் எல்லாக் குறையும் எழும்பி நிற்கும்.

ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை சுவர் வேலை தொடங்கவே கூடாது. ஈரம் உள்ள சுவரை மூடினால் உப்புப் பூத்து பெயின்ற்றைத் தள்ளிவிடும். ஆனி, ஆடியில் வேறு கரைச்சல்: தென்மேற்கால் வீசுகிற கச்சான் காற்றில் ஓரம் உடனே காய்ந்து பிரஷ் கோடு விழும், தூசியும் ஒட்டும். காற்று எழும்ப முதல், விடியக் காலையில் ஒரு முழுச் சுவரை ஒரே மூச்சில் முடிக்கிறதுதான் வழி.

உவர்மலை, தச்சு வேலை

பெயின்ற் அண்ணை சொன்னது சரி. மரத்திலும் இதே கதைதான். முதிரை பொன் மஞ்சள், தேக்கு மண்ணிறம், பாலை கடும் செம்மண்ணிறம். மூன்றும் ஒரே அறையில் இருந்தால் எல்லாவற்றுக்கும் கறுப்பு வார்னிஷ் பூசி ஒன்றாக்கப் பார்க்கிறார்கள். முதிரைக்கு அப்படிச் செய்வது பெரிய அநியாயம். இரண்டு மரத்தை அதன் பாட்டில் விட்டு, மூன்றாவதுக்குப் பெயின்ற் அடியுங்கோ. விட்ட இரண்டுக்கும் மினுக்கம் ஒரே அளவில் இருக்க வேண்டும். நிற வித்தியாசத்தைக் கண் பொறுக்கும், ஒன்று பளபளவென்றும் ஒன்று மங்கலாகவும் நின்றால் பொறுக்காது.

பெயின்ற் அடிக்க முதல் பழைய பூச்சு என்ன என்று பாருங்கோ. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து ஒரு மூலையில் தேயுங்கோ. ஒட்டினால் அது அரக்குப் பொலிஷ். நேரே வெள்ளை அடித்தால் மஞ்சள் கறை மேலே கசியும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, 120 நம்பர், பிறகு அதைவிட மெல்லிய 180 நம்பர் சாண்ட் பேப்பர் போட்டு, கறை தடுக்கிற சீலர் பூசிய பிறகுதான் நிறம்.

பழசையும் புதுசையும் சேர்க்க மலிவான வழி பித்தளைக் கைபிடி. வீட்டில் குத்துவிளக்கு ஏற்கெனவே நிற்கும். அதே உலோகம் புது கபினெற்றிலும் வந்தால் இரண்டும் ஒரு குடும்பமாகும். ஆனால் இரும்பு ஆணி போடாதேங்கோ, உப்புக் காற்றில் துருப்பிடித்து மரத்தில் கண்ணீர் வடிந்த மாதிரிக் கறை இறங்கும். பித்தளைத் திருகாணி முதிரையில் நேரே இறங்காது, தலை முறியும். துளை போட்டு, அதே அளவு உருக்குத் திருகாணியை ஒருதரம் இறக்கிக் கழற்றி, பித்தளைத் திருகாணியில் சவர்க்காரம் தடவி கையால் முறுக்குங்கோ.

கிண்ணியா, தையல்

சாம்பல் சோபாவுக்கு ஒரு வார்த்தை. அதன் கால் சிவப்புத் தரையில் நேரே படுகிற இடம்தான் கண்ணை உறுத்துகிறது. இடையில் பன்பாய் (பன் புல்லில் பின்னின பாய்) அல்லது தும்பு விரிப்பு போட்டு, நாலு பக்கமும் 8 அங்குலம் வெளியே நீட்டி விடுங்கோ. பிறகு தரையின் செம்மண் நிறத்தில் இரண்டு குஷன் மேலே வைத்தால் தரை சோபாவில் ஏறி வந்த மாதிரி இருக்கும். துணியில் பெரிய பூ ஒன்று, சின்னக் கட்டம் ஒன்று, வெறும் துணி ஒன்று. மூன்றிலும் ஒரு நிறமாவது பொதுவாக இருக்க வேண்டும்.

மருதமுனைக் கைத்தறி யன்னல் சீலைக்கு அருமை. 4 அடி யன்னலுக்குத் துணி அகலம் 6 தொடக்கம் 8 அடி. வெட்ட முதல் ஒருதரம் நனைத்துக் காயவிடுங்கோ, கீழ் மடிப்புக்கு 4 அங்குலம் விடுங்கோ. வெல்வெட் வேண்டாம் அக்காமாரே, வாடைக் காற்று வீசுகிற மழைக் காலத்தில் ஈரம் குடித்து கெட்ட மணம் வரும். பன்பாயும் மெழுகு பூசிய தரையில் மழை மாதத்தில் விரித்தபடி கிடந்தால் அடியில் பூஞ்சணம் பிடிக்கும், தரையில் வெள்ளைப் படை விழும். சுருட்டி நிமிர்த்தி வையுங்கோ.

தொய்ந்த பிரம்புக் கதிரையை எறியாதேங்கோ. கவிழ்த்து வைத்து, மினுக்கம் இல்லாத அடிப்பக்கத்தை இளஞ்சூட்டுத் தண்ணீரால் நன்றாக நனைத்து நிழலில் காயவிட்டால், இழை அறுந்திராத வரை தானே இறுகும்.

நிலாவெளி, மின்வேலை

குமிழின் ஒளி நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் கூடினால் நீல வெள்ளை, குறைந்தால் மஞ்சள். 6500 கெல்வின் வெள்ளைக் குமிழ் போட்டால் மேலே சொன்ன எல்லாம் வீண். சிவப்புத் தரை செத்துப்போகும், முதிரை பச்சை அடிக்கும். 2700 அல்லது 3000 வாங்குங்கோ, ஒரே அறையில் இரண்டையும் கலக்காதேங்கோ. கடலுக்குக் கிட்ட என்றால் விளக்குத் தாங்கிக்கு 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கோ. 304 தரத்தில் தேத்தண்ணி நிறப் புள்ளி விழும், மெல்லிய சவர்க்காரத் தண்ணீரால் அடிக்கடி துடைக்க வேண்டிவரும்.