உபுண்டு 20.04-இலிருந்து 24.04-க்கு ஒரே தாவலில் போகலாமா?

பனைமரம்:
வணக்கம். ஒரு நூலகத்தின் இரவல் பதிவேடு ஓடும் சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இயங்குதளம் உபுண்டு 20.04, டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ் 12, நிரல்மொழி பிஎச்பி 7.4. 20.04-க்கான வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. இனியும் தள்ளிப்போட மனம் வரவில்லை. சர்வர் தொலைவில் இருக்கிறது, எஸ்எஸ்ஹெச் (நெட்வொர்க் வழியாக உள்ளே நுழையும் முறை) தவிர வேறு வழி கிடையாது. நேராக 24.04 போகலாமா? எங்கே கவனமாக இருக்க வேண்டும்?

செம்பருத்தி:
நேராகப் போக முடியாது. முதலில் 22.04, அப்புறம் 24.04.

எஸ்எஸ்ஹெச் வழியாக டூ-ரிலீஸ்-அப்கிரேட் (உபுண்டுவை அடுத்த பதிப்புக்கு உயர்த்தும் கட்டளை) கொடுத்தால் அவசரத்துக்கு 1022 போர்ட்டில் இன்னொரு எஸ்எஸ்ஹெச் திறந்து வைக்கும். ஃபயர்வாலில் அதற்கு முன்கூட்டியே வழி விடுங்கள். நடுவே எஸ்எஸ்ஹெச்டி (சர்வர் பக்கத்து எஸ்எஸ்ஹெச்) கான்ஃபிக் கோப்பை மாற்றவா என்று கேட்டால், 'டி' அழுத்தி வித்தியாசத்தைப் படித்துவிட்டு உங்களுடையதையே வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் கவனிக்க வேண்டியது போஸ்ட்கிரஸ். நான் இதே பாதையில் போனபோது 22.04 வந்ததும் எல்லாம் சரியாக ஓடியது, நிம்மதியாக இருந்தேன். ஆனால் ஓடிக்கொண்டிருந்தது பழைய 12. அது 5432 போர்ட்டில், புதிய 14 காலியாக 5433-இல். கடைசியில் 'காலாவதியான பேக்கேஜ்களை நீக்கவா' என்று கேட்டதற்கு யோசிக்காமல் சரி சொல்லிவிட்டேன். 12-இன் பைனரிகள் (இயங்கும் புரோகிராம் கோப்புகள்) போய்விட்டன. டேட்டா டைரக்டரி அப்படியே இருந்தது, திறக்கத்தான் ஆள் இல்லை. போஸ்ட்கிரஸின் சொந்த ரெப்போவிலிருந்து (பேக்கேஜ் களஞ்சியம்) 12-ஐத் திரும்ப நிறுவிய பிறகுதான் மூச்சு வந்தது.

அந்தக் கேள்விக்கு இல்லை என்றே சொல்லுங்கள். பிறகு காலியான 14 கிளஸ்டரை (போஸ்ட்கிரஸ் ஒரு பதிப்பில் வைத்திருக்கும் டேட்டாபேஸ்களின் தொகுப்பு) பிஜி-டிராப்கிளஸ்டர் கட்டளையால் நீக்கிவிட்டு, பிஜி-அப்கிரேட்கிளஸ்டர் கொடுத்து 12-ஐ 14-க்கு மாற்றுங்கள். அது டேட்டா முழுவதையும் வெளியே எடுத்து (டம்ப்) புதியதில் மீண்டும் ஏற்றும், அதனால் டிஸ்க்கில் டேட்டாவின் அளவுக்கு இன்னொரு மடங்கு இடம் வேண்டும். 24.04-இல் 16 வரும், அங்கேயும் இதே வேலை. இது முடியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

நீலவானம்:
பிஎச்பியும் 8.1, பிறகு 8.3 ஆகிவிடும். 7.4-இல் எச்சரிக்கையோடு ஓடிய 'ஈச்' ஃபங்ஷன் 8.0-இலேயே நீக்கப்பட்டுவிட்டது. பழைய கோடு என்றால் முதலில் அதைத் தேடிப் பாருங்கள். வெளி ரெப்போக்களையெல்லாம் அப்கிரேட் முடக்கிவிடும், அவற்றைக் குறித்து வையுங்கள்.

பனைமரம்:
இருவருக்கும் மிக்க நன்றி. பேக்கப்பை ஒரு விர்ச்சுவல் மெஷினில் ஏற்றி 22.04 வரை போய்ப் பார்த்தேன். 'ஈச்' இரண்டு கோப்புகளில் இருந்தது, திருத்திவிட்டேன். காலாவதியான பேக்கேஜ் பட்டியலில் செம்பருத்தி சொன்னபடியே போஸ்ட்கிரஸ் 12 நின்றது. இல்லை என்று சொல்லிவிட்டு கிளஸ்டரை மாற்றினேன். இரவல் வரிசைகளின் எண்ணிக்கை பழையதோடு ஒத்துப்போகிறது. 24.04-ஐயும் அதிலேயே பார்த்துவிட்டு, நூலக விடுமுறை நாளில் அசல் சர்வரைத் தொடுகிறேன்.