வாழைத் திசு வளர்ப்பு: மீடியத்தில் ஆன்டிபயாடிக் போடலாமா?

தேனி வாழை: ஜி-9 வாழை ரகப் பாட்டில்களில், தளிரைப் பிரிச்சுப் புது மீடியத்துக்கு (வளர்ப்புச் சத்துக்கலவை) மாத்துற சப்கல்ச்சர் மூணாவது தடவை முடிஞ்ச பிறகு தளிரின் அடியைச் சுற்றி வெள்ளைக் கலங்கல் வருது. பூஞ்சை இல்லை, பாக்டீரியாதான். எல்லா மீடியத்திலும் லிட்டருக்கு 250 மில்லிகிராம் செஃபோடாக்சிம் ஆன்டிபயாடிக் போட்டுடலாம்னு இருக்கேன். பாட்டில் பாட்டிலாத் தூக்கிப் போட்டா லேப் நடத்த முடியாது.

மலர்: வேண்டாம் அண்ணா. இவ்வளவு தாமதமா வருதுன்னா கிழங்குக்குள்ளேயே இருந்திருக்கும், இல்லைன்னா தளிரைப் பிடிக்கிற உங்க ஃபோர்செப்ஸ் இடுக்கியில இருந்து வருது. தொடக்கத்துல கிழங்கைக் கழுவுற ஹைப்போகுளோரைட்டும் மெர்குரிக் குளோரைடும் மேல்தோல்ல இருக்கிற கிருமியோட சரி. செஃபோடாக்சிம் போட்டா கலங்கல் மறையலாம். ஆனா அடங்கிக் கிடந்தது, மருந்தில்லாத மீடியத்துக்கு மாத்தினதும் திரும்பக் கிளம்பும்.

தேனி வாழை: உள்ளே பாக்டீரியா இல்லாத வாழை ஏதும்மா? எல்லாமே கெடுதலும் இல்லையே. மரபணு மாற்ற ஆய்வுல மரபணுவைச் செடிக்குள்ள கொண்டுபோகிற அக்ரோபாக்டீரியத்தைப் பிறகு ஒழிக்க 500 மில்லிகிராம் வரைக்கும் போடுறாங்க, தளிர் தாங்குது.

மலர்: அங்கே எந்த பாக்டீரியான்னு தெரிஞ்சு போடுறாங்க. நீங்க எதுன்னே தெரியாம எல்லா பாட்டில்லயும் போடப் போறீங்க. தாங்கிப் பிழைக்கிற பாக்டீரியாவை நாமே பொறுக்கி வளர்த்த மாதிரி ஆயிடும். அதோட இது ஆஸ்பத்திரியில உயிர் காக்கிற மருந்து. மிச்ச மீடியம் சாக்கடைக்குப் போறதை நினைச்சாலே மனசு பதறுது. முதல்ல ஃபோர்செப்ஸைக் கவனிங்க. பேசில்லஸ் பாக்டீரியாவோட வித்துகள் 70 சதவீத ஆல்கஹால்ல சாகாது, சட்டுனு தீயில காட்டி எடுத்தாலும் போதாது. சூடான கண்ணாடி மணி நிரப்பின கிளாஸ் பீட் ஸ்டெரிலைசர்ல 250 டிகிரியில வையுங்க. ஒரு குத்தை நாலாப் பிரிச்சா, அதே கத்தி நாலு பாட்டிலுக்கும் தொற்றைக் கொண்டுபோகும்.

வேளாண் மாணவன்: கலங்கலே இல்லாத பாட்டில்ல இருந்தா எப்படித் தெரியும்க்கா?

மலர்: தளிரின் அடியை மெல்லிசாச் சீவி பாக்டீரியா வளர்க்கிற நியூட்ரியன்ட் அகார் கூழ்ல வச்சு ஒரு வாரம் பாரு தம்பி. சில பாக்டீரியா அதுல வளராது, அதனால ஒரே சோதனையை நம்பாதே. தொடக்கத்துலயே செஞ்சு, பாக்டீரியா வளர்ந்தா அந்தக் கிழங்குல இருந்து வந்த வரிசையை முழுசா ஒதுக்கணும்.

தேனி வாழை: ஜி-9க்கு ஒத்துக்கறேன், கிழங்கு நிறையக் கிடைக்கும். பழனி மலை விருப்பாச்சிக்கு என்ன சொல்றீங்க? முடிக்கொத்து வைரஸ் நோய் அந்த ரகத்தைச் சூறையாடிருச்சு. நோயில்லாத தாய்க்கன்று ஒண்ணு ரெண்டுதான் கிடைக்கும். அதைத் தூக்கிப் போடச் சொல்றீங்களா?

மலர்: போடச் சொல்ல மாட்டேன். அந்த பாக்டீரியாவைத் தனியா வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்குதுன்னு பார்த்துட்டு அந்த வரிசைக்கு மட்டும் கொடுங்க. அழுத்த நீராவியில கிருமி கொல்ற ஆட்டோகிளேவ்ல வச்சா செஃபோடாக்சிம் வீணாயிடும். மீடியம் 50 டிகிரிக்கு ஆறினதும் 0.22 மைக்ரான் வடிகட்டி வழியாச் சேருங்க. வைரஸ் சோதனை தனி, இந்த மருந்துக்கு வைரஸ் மசியாது.

தேனி வாழை: சரி, கலங்கின ஜி-9 பாட்டில்களைத் திறக்காம ஆட்டோகிளேவுக்கு அனுப்பிடறேன். விருப்பாச்சிக்கு மருந்து உண்டு. ஆனா எந்த மருந்துக்கு அடங்குதுன்னு பார்க்கிற சோதனை முடியற வரைக்கும் என்னால காத்திருக்க முடியாதும்மா.