கோப்பிங்: ‘சமாளிப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாம்

நண்பர்களுக்கு வணக்கம்.

‘கோப்பிங்’ (coping), அதாவது கஷ்டமான நிலைமையை ஒருவர் கையாளும் விதம், அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று இங்கே கேட்டதற்கு இதுவரை வந்த சொற்களை எல்லாம் படித்தேன். ஈடுகொடுத்தல், எதிர்கொள்ளல், தாக்குப்பிடித்தல், முகங்கொடுத்தல் என எல்லாமே நல்ல தமிழ்தான். ஆனாலும் செவிலியர் கல்லூரியில் பாடம் நடத்துபவள், மாணவிகளோடு கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து இதை அளக்கும் வினாநிரல்களை (கேள்விப் பட்டியல்களை) நோயாளிகளிடம் கேட்டு நிரப்புபவள் என்ற முறையில் சொல்கிறேன், இவற்றில் ஒன்றுகூட எங்கள் வேலைக்குப் பொருந்தவில்லை. எனக்குச் ‘சமாளிப்பு’தான் சரியாகப் படுகிறது.

இந்தக் கருத்துக்கு அடித்தளம் போட்டவர்கள் உளவியலாளர்கள் ரிச்சர்ட் லாசரஸும் சூசன் ஃபோக்மனும். 1984இல் அவர்கள் தந்த விளக்கத்தின் சாரம் இது: தன் சக்திக்கு மிஞ்சிவிட்டது என்று ஒருவருக்குத் தோன்றும் நிலைமையைக் கையாள, மனத்தாலும் செயலாலும் அவர் எடுக்கும் முயற்சிகள். ஜெயித்தாரா தோற்றாரா என்பது அதில் இல்லை. வேண்டுமென்றேதான் அதை வெளியே வைத்தார்கள்.

அடுத்து, மாணவிகள் ஆய்வுக்கு அதிகம் எடுக்கும் ‘பிரீஃப் கோப்’ வினாநிரலைப் பாருங்கள். ஒருவர் எந்தெந்த வழியில் சமாளிக்கிறார் என்று கேட்கும் இதை உளவியலாளர் சார்லஸ் கார்வர் 1997இல் வெளியிட்டார். 28 கூற்றுகள், இரண்டிரண்டாக 14 வகைகள். திட்டமிடுதல், ஏற்றுக்கொள்ளல், பிறரிடம் ஆறுதல் தேடுதல், வழிபாடு எல்லாம் அதில் உண்டு. அதே பட்டியலில் ‘இது நிஜமே இல்லை’ என்று மறுப்பதும், குடிப்பதும், தன்னையே குறை சொல்லிக்கொள்வதும், முயற்சியைக் கைவிடுவதும் உண்டு. வியாதியின் பயத்தை மறக்க ராத்திரி குடித்துவிட்டுப் படுக்கும் மனிதரை ‘எதிர்கொள்கிறார்’ என்று எழுத எனக்குக் கை வராது. ‘ஈடுகொடுக்கிறார்’ என்பது இன்னும் மோசம். சரிக்குச் சரி நிற்பவரைத்தானே அப்படிச் சொல்வோம்? ஆனால் ‘குடித்துக் குடித்தே எப்படியோ சமாளிக்கிறார்’ என்று எந்த வீட்டிலும் சொல்வார்கள்.

நோயாளியின் நிலையைச் செவிலியர் கணித்து எழுதப் பயன்படும் செவிலியர் கணிப்புப் பட்டியலில் ‘இன்எஃபெக்டிவ் கோப்பிங்’ என்று ஒரு தலைப்பு நெடுநாள் இருந்தது. அதைப் ‘பயனற்ற ஈடுகொடுத்தல்’ என்று எழுதினால் அந்த இரண்டு சொற்களும் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்கின்றன. ‘பயனற்ற சமாளிப்பு’ சட்டென்று புரிகிறது.

‘சும்மா சமாளிக்காதே’ என்று திட்டும்போது பூசி மெழுகுவதைத்தானே சொல்கிறோம், அந்த வாடை கலைச்சொல்லுக்கு ஆகுமா என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் அந்த வாடை எனக்கு உறுத்தவில்லை. மறுப்பதும் மழுப்புவதும்கூட ஒருவகைச் சமாளிப்பு என்றுதான் இந்த வினாநிரலே சொல்கிறது. நமக்கு வேண்டியது பெருமையும் இழிவும் ஏறாத சொல். இல்லையென்றால் இரண்டையும் ஒரே மாதிரி தாங்கும் சொல். இது இரண்டாவது ரகம். வேர் தமிழ் இல்லை என்று தள்ளுபவர்களும் உண்டு. எழுபது வயது அம்மாவுக்கு விளக்காமலே புரிகிற சொல்லை அந்த ஒரு காரணத்துக்காக விட எனக்கு மனம் வரவில்லை.

புகழ்கிற சொல்லை வைத்தால் இன்னொரு தவறும் வரும். மாணவிகள் 28 விடைகளையும் கூட்டி, ‘நல்லது, நடுத்தரம், குறைவு’ என்று பிரித்துவிடுகிறார்கள். கார்வர் இதற்கு மொத்த மதிப்பெண் கிடையாது என்றே சொல்லியிருக்கிறார். குடிப்பதையும் திட்டமிடுவதையும் கூட்டி என்ன எண் வரும்? ‘ஈடுகொடுக்கும் திறன்’ என்று தலைப்புப் போட்டால் கூட்டத்தான் தோன்றும். ‘சமாளிப்பு முறைகள்’ என்று போட்டால் எந்தெந்த முறை என்று பார்க்கத் தோன்றும்.

சொல் சறுக்கினால் என்ன ஆகும் என்பதை ஒரு டயாலிசிஸ் பிரிவில் பார்த்தேன். அதே பிரீஃப் கோப்பில் ‘டிரக்ஸ்’ என்பதை ‘மருந்துகள்’ என்று மொழிபெயர்த்திருந்த, ‘மது, மருந்துகள்’ பற்றிய கூற்றை மாணவி வாசித்தாள். ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைப்பது) போட்ட கையை அசைக்காமல் படுத்திருந்த பெரியவர், “ஆமாம்மா, மருந்து ஒரு வேளைகூடத் தவறினதில்ல” என்றார், பெருமையாக. அவள் ‘நிறையச் செய்தேன்’ என்ற கட்டத்தில் குறித்துவிட்டாள். தாளின்படி அவர் போதையில் விழுந்தவர். ‘போதைப்பொருள்’ என்று எழுதியிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது.

‘மன அழுத்தம்’ பற்றியும் சொல்லியாக வேண்டும். பத்திரிகைகளில் ஸ்ட்ரெஸ்ஸும் அதுதான், டிப்ரஷனும் அதுதான். பிரசவ வார்டில் ஒரு பெண்ணிடம், “உங்க மன அழுத்தத்தைப் பத்திச் சில கேள்வி கேட்கணும்” என்றோம். அவள் நைட்டியின் கையைச் சுருட்டி நீட்டினாள். “பிரஷர் காலையிலயே பார்த்தாங்களே சிஸ்டர்” என்றாள். அவளுக்கு அழுத்தம் என்றால் ரத்த அழுத்தம்தான்.

இதைச் சின்ன விஷயம் என்று விட முடியாது. ஷெல்டன் கோஹனும் உடன் இருந்தவர்களும் 1983இல் வெளியிட்ட ஸ்ட்ரெஸ் வினாநிரல், போன ஒரு மாதத்தில் வாழ்க்கை கைமீறிப் போனதாக எவ்வளவு தோன்றியது என்று கேட்கிறது. அதன் பத்துக் கேள்வி வடிவத்தில் மதிப்பெண் 0 முதல் 40 வரை. 2001இல் வந்த பி.எச்.கியூ-9 என்ற வினாநிரல் டிப்ரஷனுக்கானது. போன இரண்டு வாரத்தைக் கேட்கிறது, 0 முதல் 27 வரை. அதன் ஒன்பதாவது கேள்வி, செத்துவிட்டால் தேவலை என்ற எண்ணத்தையும் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தையும் பற்றியது. மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த ஒரு கேள்விக்கு ‘இல்லை’ தவிர வேறு விடை வந்தால், தாளைக் கோப்பில் வைத்துவிட்டுப் போகக்கூடாது. உடனே கூட இருந்து மேற்கொண்டு விசாரித்து, அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லவேண்டும். இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால், ‘ஸ்ட்ரெஸ் யாருக்குத்தான் இல்லை’ என்று இதையும் சேர்த்து ஒதுக்கிவிடுகிறார்கள்.

டிப்ரஷனுக்கு ‘மனச்சோர்வு’ ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது, அதையே உறுதிப்படுத்திக்கொள்ளலாம். ஸ்ட்ரெஸ்ஸுக்கு இலங்கைத் தமிழர் எழுதும் ‘நெருக்கீடு’ எனக்குப் பிடித்திருக்கிறது. வெளியிலிருந்து நெருக்குவது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது, ரத்த அழுத்தமும் குறுக்கே வராது. நோயாளியிடம் பேசும்போது ‘நெருக்கடி’ என்றால் போதும்.

அப்புறம், பிரீஃப் கோப்பின் 14 வகைகளில் ‘வென்டிங்’ என்பதற்கு ‘கொட்டித் தீர்த்தல்’ என்று வைத்திருக்கிறேன், யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன். நடந்த கெட்டதிலும் நல்ல பக்கத்தைப் பார்க்கும் ‘பாசிடிவ் ரீஃப்ரேமிங்’குக்குத்தான் சொல் பிடிபடவில்லை. ஒரு விரலை எடுத்த பிறகு ஒரு சர்க்கரை நோயாளி, “தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு, கால் தப்பிச்சுதே” என்றார். அவர் செய்தது அப்படியே அதுதான். அதற்கு ஒரு சொல் வேண்டும். ‘நேர்மறை மறுசட்டகம்’ என்று ஓர் ஆய்வேட்டில் பார்த்தேன், அதை அவரிடம் வாசித்துக் காட்ட முடியாது. ‘நல்லதாகப் பார்த்தல்’ வரைக்கும் வந்து நிற்கிறேன். இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.