மரம் அடுக்கும் சக்கர வண்டி ஒரு பக்கமாகச் சாய்கிறது, எப்படிச் சரிசெய்வது?

கேள்வி:
வணக்கம். கார் ஷெட்டில் 10க்கு 12 அடி இடத்தில் தச்சு வேலை செய்கிறேன். பலகை, ரீப்பர், பிளைவுட் எல்லாவற்றையும் ஒன்றாக வைக்க ஒரு சக்கர வண்டி செய்தேன். அடித்தட்டு 4 அடி நீளம், 20 அங்குல அகலம். உயரம் 5 அடி. ஒரு பக்கம் பலகைகளைத் தாங்கும் கைச்சட்டங்கள், மறுபக்கம் பிளைவுட்டை நிறுத்தி வைக்கும் இடம். நான்கு மூலையிலும் 2 அங்குலச் சக்கரம், நான்குமே எந்தப் பக்கமும் திரும்பும் சுழல் சக்கரங்கள்.

காலி வண்டி நன்றாகத்தான் ஓடியது. தேக்குப் பலகைகளை மேல் கைகளில் அடுக்கியதிலிருந்து திருப்பும்போதெல்லாம் சாய்கிறது. நேற்று தரை வெடிப்பில் முன்சக்கரம் மாட்டி, வண்டியே சரிய வந்துவிட்டது. தாங்கிப் பிடித்துவிட்டேன், ஆனால் பக்கத்தில் என் மகள் நின்றிருந்தாள். அதிலிருந்து வண்டியைத் தொடவே பயமாக இருக்கிறது. ஒரு சக்கரத்தின் ஸ்க்ரூக்களும் பாதி வெளியே வந்திருக்கின்றன. பெரிய சக்கரம் போட்டால் போதுமா?

பதில் 1:
போதாது தம்பி. முதலில் மேலே இருக்கும் மரத்தை எல்லாம் இறக்கிவிடுங்கள். பெரிய சக்கரம் வெடிப்பைத் தாண்டும், சரி. ஆனால் வண்டி இன்னும் உயரும்.

சாய்வதற்குக் காரணம் அகலம். சுழல் சக்கரம், அது திரும்பும் செங்குத்து அச்சுக்கு நேர் கீழே தரையைத் தொடாது, சற்றுத் தள்ளித்தான் தொடும். வண்டியைத் திருப்பும்போது இரண்டு பக்கச் சக்கரங்களும் உள்பக்கம் மடங்கினால், உங்கள் 20 அங்குலத்தில் தரையில் நிற்பது 15, 16 அங்குலம்தான். அதன் மேல் 5 அடி உயரம்! அடித்தட்டை 30 அங்குலமாக்குங்கள். கனமான மரம் கீழே, மெல்லிய ரீப்பர் மேலே.

பதில் 2:
ஸ்க்ரூ பற்றி மட்டும் சொல்கிறேன். பிளைவுட்டில் வெறும் ஸ்க்ரூ பக்கவாட்டு இழுப்பைத் தாங்காது. சக்கரத் தகட்டுக்கு மேலே ஒரு கட்டையை வைத்து, அதையும் துளைத்துப் போல்ட் போடுங்கள். மேலே அகல வாஷர் கட்டாயம்.

மொத்த எடையை நான்கால் வகுக்காமல் மூன்றால் வகுத்துச் சக்கரம் வாங்குங்கள். மேடுபள்ளத் தரையில் பல நேரம் மூன்று சக்கரம்தான் சுமக்கும். 300 கிலோ என்றால் ஒவ்வொன்றும் 100 கிலோ தாங்க வேண்டும். 18 மி.மீ. பிளைவுட் 8க்கு 4 அடி ஷீட் ஒன்றே ஏறத்தாழ 30 கிலோ வரும். ஒரு முனையில் பக்கவாட்டில் திரும்பாத இரண்டு நிலைச் சக்கரம், மறுமுனையில் பிரேக் உள்ள இரண்டு சுழல் சக்கரம் போதும்.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா, நன்றி அண்ணா. 30 அங்குலமாக்கி, 5 அங்குலச் சக்கரம் போட்டுவிட்டேன். வெடிப்பைத் தாண்டுகிறது, சாய்வும் இல்லை. ஆனால் தள்ளும்போது மேல்பகுதி முன்னும் பின்னும் ஆடுகிறது.

பதில் 1:
நிமிர்ந்த சட்டங்களுக்கு நடுவே மூலைவிட்டமாக ஒரு சட்டம் கொடுங்கள். அல்லது பிளைவுட் பக்கம் முழு முதுகுப் பலகையாக அடித்துவிடுங்கள், அந்த ஆட்டம் நின்றுவிடும். அப்புறம், கைச்சட்டங்களின் நுனி கொஞ்சம் மேல்நோக்கி இருக்கட்டும், பலகை வழுக்காது. மரத்தை எடுக்கும்போது இரண்டு பக்கமும் பார்த்து எடுங்கள். ஒரு பக்கப் பிளைவுட் தீர்ந்து, மறுபக்கம் தேக்கு அப்படியே இருந்தால் மறுபடி சாயும்.