மறைந்த நம் இசைக்கலைஞரின் மேடைப் பதிவுகள் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் நண்பர்களே. ஆல்பம் ஒன்றுகூட வெளியிடாமல் போய்விட்டார். அவர் குரல் கச்சேரிகளில் யாரோ பதிந்த ஒலியில்தான் இன்று இருக்கிறது. பாதிப் பாட்டானாலும், இரைச்சலானாலும் தாருங்கள்.

கேசட் என்றால் முதலில் மேல் விளிம்பிலுள்ள இரண்டு பிளாஸ்டிக் தாவல்களையும் உடைத்துவிடுங்கள். தவறிப்போய் மேலே எதுவும் பதிவாகாது. தயவுசெய்து பழைய பிளேயரில் போட்டுப் பார்க்க வேண்டாம். நாடாவை ஹெட்டோடு (ஒலியைப் படிக்கும் முனை) அழுத்தும் சிறு பட்டையின் பசை காய்ந்து விழுந்திருந்தால் ஒலி மங்கும். நாடா சிக்கி நசுங்கினால் அந்த இடம் போனதுதான். நாடாவை வேறு கேசட் கூட்டுக்குள் மாற்றி, ஹெட்டின் சாய்வை ஒவ்வொரு நாடாவுக்கும் தனித்தனியாகச் சரிசெய்து, உயர்தர டிஜிட்டல் கோப்பாக (24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ்) நாங்களே மாற்றித் தருகிறோம். டால்பி (நாடா இரைச்சலைக் குறைக்கும் முறை) போட்டுப் பதிந்ததா என்பது நினைவிருந்தால் உறையில் குறியுங்கள்.

மொபைல் பதிவை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் இன்னொரு முறை சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். இரைச்சலை நீக்க வேண்டாம், அதோடு சிம்பல் தாளத்தட்டின் மினுமினுப்பும் போய்விடும்.

ஒரே கச்சேரியை இருவர் பதிந்திருந்தால் பெரும் அதிர்ஷ்டம். மிக்ஸரிலிருந்து (மேடை மைக்குகளின் ஒலியைச் சேர்க்கும் கருவி) எடுத்ததில் குரல் தெளிவு, ஆனால் அரங்கத்தின் ஒலி இருக்காது; கூட்டத்தில் எடுத்ததில் அரங்கம் முழுதும் இருக்கும். இரண்டையும் சேர்க்கலாம். பதிவுக் கருவிகளின் வேகம் சற்றே மாறுபடுவதால் பாட்டுக்குப் பாட்டு பொருத்த வேண்டும், அவ்வளவுதான்.

தேதி, இடம், உடன் வாசித்தவர்கள் யார் என்பதையும் எழுதுங்கள். பாடல் வரிசை எழுதிய தாள் கிடைத்தால் அதன் படமும் வேண்டும்.