'பாய்ஸ்' படத்தைக் கவிழ்த்தது விமர்சனமா, பட்ஜெட்டா?

கடைசிபெஞ்ச்:
2003-இல் ஷங்கரின் 'பாய்ஸ்' வந்தபோது ஆனந்த விகடன் 'சீ' என்று எழுதி விமர்சனத்தை முடித்துக்கொண்டது. இன்றைக்கும் அதை ஏதோ வீரச்செயல் மாதிரி பேசுகிறார்கள். பிடிக்கவில்லை என்றால் எங்கே சறுக்கியது என்று சொல்ல வேண்டாமா? அந்த ஒரு வார்த்தையோடு படத்துக்கு முத்திரை விழுந்துவிட்டது.

நூன்ஷோ:
பத்திரிகை திட்டி இங்கே எந்தப் படம் கவிழ்ந்திருக்கிறது? அதற்கு முந்தைய வருடம்தான் 'துள்ளுவதோ இளமை' வந்தது. அதையும் ஆபாசம் என்று திட்டினார்கள். தனுஷ் யாரென்றே தெரியாத நேரம், ஆனாலும் ஓடியது. 'பாய்ஸ்' அடிவாங்கியது கணக்கில். ஆள் புதுமுகம், செலவு மட்டும் ஷங்கர் செலவு. 'அலே அலே' பாட்டில் ஆட்கள் அந்தரத்தில் அப்படியே உறைந்து நிற்க, பார்வை மட்டும் சுற்றி வருமே, அதற்கு வரிசையாகக் கேமராக்களை அடுக்க வேண்டும். இந்தக் காசைக் காலேஜ் பசங்களை மட்டும் நம்பி எடுக்க முடியாது. குடும்பம் வர வேண்டும், வரவில்லை.

கடைசிபெஞ்ச்:
ஏன் வரவில்லை என்றுதானே கேட்கிறேன்! தெலுங்கு டப்பிங்கில் அதே காட்சிகள்தான், அங்கே நன்றாக ஓடியது. அங்கே மட்டும் குடும்பம் இல்லையா? ஊழல் ஒழிப்புப் படம் எடுத்தவர் இப்படி எடுக்கலாமா என்று இங்கே நிறைய பேருக்குக் கோபம்.

நூன்ஷோ:
'இந்தியன்' தெலுங்கிலும்தான் ஓடியது. அவர்களுக்கு அந்தக் கோபம் வரவில்லையே. டப்பிங் படத்துக்குப் போடும் முதல் குறைவு, கொஞ்சம் ஓடினாலே லாபம். இதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை.

அரைடிக்கெட்:
இரண்டு பேரும் படத்தைத் தவிர எல்லாவற்றையும் பேசுகிறீர்கள். பாலியல் தொழிலாளியை வரவழைக்கும் காட்சியில் அந்தப் பெண் வெறும் ஜோக். பசங்க இப்படித்தான் பேசுவார்கள் என்று சமாளிக்கலாம், சரி. அப்படியானால் கடைசி வரை அதில் நிற்க வேண்டும். இந்தப் படம் காதலை நிரூபிக்க நாயகன் முன்னா அண்ணா சாலையில் துணியில்லாமல் ஓடுவதில் சிரிக்க வைக்கிறது. அப்புறம் திடீரென்று கல்யாணம், பாட்டுக் குழு, பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் கைது, ஒரு மரணம் என்று உபதேசத்துக்குத் தாவுகிறது. கிச்சுகிச்சு மூட்டிவிட்டு வகுப்பெடுத்தால் யார் உட்கார்ந்திருப்பார்கள்?

இத்தனைக்கும் வசனம் எழுதிய சுஜாதாவால் நன்றாக எழுத முடியாமல் இல்லை. எந்த நாளில் எந்தக் கோயிலில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று செந்தில் தகவல் சேர்த்து வைத்திருப்பாரே, அந்தக் காட்சியில் முகம் சுளிக்க ஒன்றுமே இல்லை. இன்றுவரை மீமாக ஓடுவது அதுதான்.

கடைசிபெஞ்ச்:
மோசமான படம் என்றால் அதில் வந்தவர்கள் காணாமல் போயிருக்க வேண்டும். சித்தார்த்தையும் ஜெனிலியாவையும் தெலுங்கு சினிமா தூக்கிக்கொண்டது. பசங்களில் ஒருவராக நடித்த தமன் இன்று முன்னணி இசையமைப்பாளர்.

அரைடிக்கெட்:
ஆட்கள் பிழைத்ததால் படம் நல்ல படமாகிவிடாது. இதில் நடித்த பரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது 2004-இல் வந்த 'காதல்'. தயாரிப்பு அதே ஷங்கர், இயக்கம் பாலாஜி சக்திவேல், செலவும் அடக்கம். அதிலும் பள்ளிக்கூடப் பெண்ணின் காதல்தான். விமர்சகர்களும் கொண்டாடினார்கள், தியேட்டரிலும் கூட்டம். அப்போதும் விகடன் இருக்கத்தானே செய்தது?